கட்டணம் ஏறியபோது போனவர்கள், இலவசம் வந்தபோது வராதவர்கள்: சென்னை மாநகரப் பேருந்து, 2018 முதல் 2025 வரை

2018 ஜனவரி 19-ம் தேதி மாலை, தமிழக அரசு பேருந்துக் கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாள் காலையிலேயே அமல். சென்னையில் சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. அதிகபட்சம் 14-லிருந்து 23. கடைசி ஸ்டேஜ் வரை போகும் ஒருவர் முதல் நாள் இரவு 14 ரூபாய்க்கு வீடு திரும்பிவிட்டு, மறுநாள் காலை அதே தூரத்துக்கு 23 ரூபாயை எடுத்து நீட்ட வேண்டியிருந்தது. ஏச்சுப்பேச்சு எல்லாம் கண்டக்டர்களுக்குத்தான். மாணவர்கள் சாலை மறியலில் இறங்கினார்கள், எதிர்க்கட்சிகள் போராட்டம் அறிவித்தன, பத்து நாளுக்குள் அரசு கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தது. கொஞ்சம்தான்.

2021 மே 7-ம் தேதி பொறுப்பேற்ற புதிய முதல்வர் மு.க.ஸ்டாலின் அன்றே போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது. மே 8 முதல் அமல்.

ஒரே நகரம், ஒரே போக்குவரத்துக் கழகம், பெரும்பாலும் அதே பேருந்துகள், அதே ஊழியர்கள். மூன்றரை ஆண்டுக்குள் கட்டணம் ஒருமுறை செங்குத்தாக ஏறியது. இன்னொருமுறை பயணிகளில் பெரும் பகுதியினருக்குப் பூஜ்யமானது. மலிவான பேருந்துக் கட்டணம் சாலை நெரிசலைக் குறைக்குமா என்ற கேள்விக்குப் பதில் தேட இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணம் ஏறும்போது பேருந்தைவிட்டுப் போகிறவரும், கட்டணம் இறங்கும்போது பேருந்துக்கு வருகிறவரும் ஒரே ஆள் அல்ல. போனவர் இருசக்கர வாகனத்தோடு சாலையிலேயே இருக்கிறார். வந்தவர் முன்பு நடந்தவர், ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனவர், அல்லது வீட்டைவிட்டே வெளியே வராமல் இருந்தவர். அதனால் இலவசப் பயணம் நல்ல திட்டமாகவும் இருக்கிறது, அண்ணா சாலையும் அப்படியேதான் இருக்கிறது.

ஆறு ஆண்டு சும்மா இருந்துவிட்டு

2018 உயர்வுக்கு முந்தைய உயர்வு 2011 நவம்பரில் வந்தது. அப்போது சென்னையில் குறைந்தபட்சம் 2 ரூபாயிலிருந்து 3 ரூபாயானது, அதிகபட்சம் 12-லிருந்து 14. அதற்குப் பிறகு ஆறு ஆண்டுக்கும் மேலாக யாரும் கட்டணத்தைத் தொடவில்லை. இடையில் ஒரு மக்களவைத் தேர்தல், ஒரு சட்டமன்றத் தேர்தல். டீசல் விலை ஏறிக்கொண்டிருந்தது, சம்பளம் ஏறிக்கொண்டிருந்தது, போக்குவரத்துக் கழகங்களின் கடன் ஏறிக்கொண்டிருந்தது. 2018 ஜனவரி 4 முதல் 11 வரை ஊதிய ஒப்பந்தம் கேட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கட்டண உயர்வு வந்துவிட்டது.

கட்டணத்தை உயர்த்தியதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு 50 பைசா, 1 ரூபாய் என்று ஏறியிருந்தால் திட்டிக்கொண்டே கொடுத்திருப்பார்கள். ஆறு ஆண்டுப் பாக்கியை ஒரே ராத்திரியில் வசூலிக்கப் போனதுதான் வினையானது. சிறிய உயர்வு வந்தால் மனிதர் முணுமுணுப்பார்; பெரிய உயர்வு வந்தால் கணக்குப் போடுவார். அப்படிக் கணக்குப் போட வைத்தது அந்த ஜனவரி.

அவர் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். அப்போது சென்னையில் பெட்ரோல் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் 100 சிசி பைக்கில் 10 கிலோமீட்டர் போக 15 ரூபாய். பின்னால் மனைவியோ நண்பரோ உட்கார்ந்தால் ஆளுக்கு ஏழரை ரூபாய். அதே தூரத்துக்கு இருவர் பேருந்தில் போனால் சாதாரணக் கட்டணத்திலேயே அதைவிட அதிகம். கொஞ்ச தூரம் போகிறவருக்கு வித்தியாசம் இன்னும் பெரிது, ஏனென்றால் குறைந்தபட்சக் கட்டணம்தான் 3-லிருந்து 5 என்று மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருந்தது. தவணை, இன்சூரன்ஸ், டயர் எல்லாம் சேர்த்தால் பைக் மலிவு அல்ல என்று வாதிடலாம். வீட்டில் ஏற்கெனவே பைக் நிற்கும்போது யாரும் டயருக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. பெட்ரோலுக்கு மட்டும்தான் பார்ப்பார்கள்.

இதில் போர்டு விவகாரம் வேறு. சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரிய ஒரு வார்த்தை: மாநகரப் பேருந்துகளில் வெள்ளை போர்டு என்றால் சாதாரணக் கட்டணம். விரைவுப் பேருந்து அதைவிடக் கூடுதல். சொகுசு என்றால் ஏறத்தாழ இருமடங்கு. சொகுசு என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். குளிர்சாதனம் கிடையாது, அதே நெரிசல், அதே வியர்வை. வெள்ளை போர்டு எப்போது வரும் என்று தெரியாமல் நிறுத்தத்தில் நிற்பவருக்கு முன்னால் இரண்டு சொகுசு வண்டிகள் வந்துபோகும். நேரத்துக்குப் போக வேண்டுமென்றால் அதில்தான் ஏற வேண்டும். ஆக, பட்டியலில் இருக்கும் 5 ரூபாய் ஒரு கட்டணம். அவசரத்தில் நிற்பவர் உண்மையில் கொடுக்கும் கட்டணம் இன்னொன்று. 2018-ல் அடிக்கட்டணம் ஏறியதும் அதன்மேல் நிற்கும் சொகுசுக் கட்டணமும் கூடவே ஏறியது.

விளைவு உடனே தெரிந்தது. மாநகரப் பேருந்தில் போவோர் எண்ணிக்கை நாளொன்றுக்குப் பல லட்சம் குறைந்தது. தாம்பரம், வேளச்சேரி, ஆவடி பக்கத்து ஆட்கள் புறநகர் மின்ரயிலுக்குப் போனார்கள். ரயில் நிலையங்களில் சீசன் டிக்கெட் விற்பனை கூடியது. ரயில் பாதை இல்லாத இடத்தில் இருந்தவர்களுக்கு பைக்தான் வழி.

இங்கே ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும். கட்டண உயர்வு அமலாகி ஐந்து வாரம் ஆனபோது, 2018 பிப்ரவரி 24 அன்று, சென்னையில் ‘அம்மா இருசக்கர வாகனத் திட்டம்’ தொடங்கப்பட்டது. பிரதமர் வந்து தொடங்கிவைத்தார். வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க பாதி விலை, 25,000 ரூபாய் வரை மானியம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு என்பது இலக்கு. திட்டம் தனியாகப் பார்த்தால் நல்லது. பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்குப் போய் வருவதற்கு ஸ்கூட்டர் எவ்வளவு உதவும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் ஜனவரியில் பேருந்தில் விலையை ஏற்றிய அதே அரசு பிப்ரவரியில் ஸ்கூட்டருக்குப் பணம் கொடுத்தது. எந்தப் போக்குவரத்து நிபுணரும் இவ்வளவு துல்லியமாகத் திட்டமிட்டு ஆட்களைப் பேருந்திலிருந்து இறக்கியிருக்க முடியாது. யாரும் திட்டமிடவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச் கடைசியில் நின்ற மாநகரப் பேருந்து, செப்டம்பர் 1-ம் தேதிதான் மறுபடி ஓடியது. ஐந்து மாதம் பேருந்து என்ற ஒன்றே இல்லாத ஊரில், வண்டி இல்லாதவர்களும் கடனை உடனை வாங்கி வண்டி வாங்கினார்கள்.

பூஜ்ய டிக்கெட்

2021 மே மாதம் வந்த இலவசப் பயணத்தில் ஒரு நுட்பம் உண்டு. பெண்கள் சும்மா ஏறி இறங்கிவிட முடியாது. கண்டக்டர் ஒரு டிக்கெட் கொடுப்பார், அதில் கட்டணம் இருக்காது. எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணி, அதற்குரிய பணத்தை அரசு கழகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆரம்பத்தில் பயணிகளில் 40 சதவீதம் பெண்கள் என்று வைத்து, ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் என்று கணக்கிட்டார்கள். சில வாரங்களில் திருநங்கைகளும், மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வருபவரும் சேர்க்கப்பட்டார்கள். பின்னர் ‘விடியல் பயணம்’ என்று பெயரும் வைத்தார்கள்.

40 சதவீதம் என்ற கணக்கு நிற்கவில்லை. மாநிலம் முழுக்கச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டியது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் இத்திட்டத்துக்கு ஒதுக்கியது 3,050 கோடி. மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூரில் நடத்திய ஆய்வில், ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரியவந்தது. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு 888 ரூபாய் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முன்பு வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மட்டும் வேலை தேடியவர், இப்போது பேருந்து போகும் தூரம்வரை தேடலாம். சம்பளம் பேசும்போது அதுவும் ஒரு பிடி.

உரசல்களும் இருந்தன. பெண்கள் கூட்டமாக நிற்கும் நிறுத்தத்தில் வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவது, நிறுத்தாமலே போவது என்று புகார்கள் வந்தன. ஓட்டுநர், நடத்துநருக்குக் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று அரசே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. ‘ஓசி’யில் போகிறார்கள் என்று ஓர் அமைச்சரே மேடையில் பேசி, அது மாநிலம் முழுக்கச் சண்டையானது. ஓசி அல்ல அது. டிக்கெட்டுக்கான பணம் வரியிலிருந்து கழகத்துக்குப் போகிறது. சாலைக்கும் மேம்பாலத்துக்கும் அப்படித்தான் போகிறது, பாலத்தில் கார் ஓட்டுகிறவரை யாரும் ஓசி என்று சொல்வதில்லை.

சரி, நெரிசல் குறைந்ததா? இல்லை. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். இலவசம் வெள்ளை போர்டுக்கு மட்டும். மாநகரப் பேருந்துகளில் ஏறக்குறைய பாதிதான் வெள்ளை போர்டு. ஆண்களுக்குக் கட்டணத்தில் ஒரு பைசா குறையவில்லை. காலை எட்டரை மணிக்கு கத்திப்பாராவையும் மத்திய கைலாஷையும் அடைத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் தனி ஆளாக பைக்கிலும் காரிலும் போகும் ஆண்கள். இலவசம் அவர்களைத் தொடவே இல்லை. ஸ்கூட்டர் வைத்திருக்கும் பெண்ணுக்கும் பணத்தைவிட நேரம் பெரிது. பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும் என்று உறுதி இல்லாதவரை சாவியைக் கீழே வைக்க மாட்டார்.

அதே 2021-ல் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்ட் நடுவில் மாநில அரசு பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. ஆகஸ்ட் 30 முதல், மெட்ரோ பணிகள் நடப்பதால், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து நான்கு சுங்கச்சாவடிகளில் வசூல் நின்றது. இரண்டுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. சேர்த்துப் பார்த்தால், பேருந்தை மலிவாக்கிய கையோடு சொந்த வண்டியையும் மலிவாக்கியாயிற்று. 2018-ல் நடந்ததன் மறுபக்கம் இது. ஒரு துறை செய்வதை இன்னொரு துறை பார்ப்பதில்லை.

வெளியூர் அனுபவம்

எஸ்தோனியாவின் தலைநகர் டாலின் 2013 ஜனவரி 1 முதல் நகரவாசிகள் எல்லோருக்கும் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பொதுப் போக்குவரத்தின் பங்கு 14 சதவீதம் கூடியிருந்தது. நடந்து போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. கார்ப் பயணங்கள் கொஞ்சம் குறைந்தன, ஆனால் ஒவ்வொரு கார்ப் பயணத்தின் தூரமும் கூடிப்போனது. சாலைக்குப் பெரிய நிம்மதி எதுவும் இல்லை. சென்னையில் நடந்ததன் சாயல் இதில் தெரிகிறது.

லண்டன் கதை இன்னும் சுவாரசியம். 1981 அக்டோபரில் கென் லிவிங்ஸ்டன் தலைமையில் இருந்த பெருநகர மன்றம் பேருந்து, சுரங்க ரயில் கட்டணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. வரிதான் ஏறுகிறது, எங்கள் பகுதிக்குச் சுரங்க ரயிலே இல்லை என்று புரோம்லி பகுதி மன்றம் வழக்குப் போட்டது. டிசம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை, கட்டணக் குறைப்பு சட்டவிரோதம் என்றது. 1982 மார்ச்சில் கட்டணம் இருமடங்கானது. 1983 மே மாதம், சட்டத்துக்கு உட்பட்டு, மறுபடி கால் பங்கு குறைத்து, பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்து ஒரே பாஸ் கொண்டுவந்தார்கள். கட்டணம் இறங்கியபோது நகர மையத்துக்குள் வரும் கார்கள் குறைந்தன, ஏறியபோது கூடின. சுரங்க ரயில் பயணங்கள் 1982-ல் 49.8 கோடி, 1980-களின் முடிவில் 80 கோடியைத் தாண்டிவிட்டன. அந்தக் காலத்துப் பொருளாதார வளர்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் கண்ணில் படுவது அந்த ஒரே பாஸ்.

அதோடு லண்டன் சாலை காலியாகிவிடவில்லை. அதே லிவிங்ஸ்டன் மேயராகத் திரும்பி வந்து, 2003 பிப்ரவரி 17 முதல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் விதித்தார். கட்டணம் தொடங்கும்போதே கூடுதல் பேருந்துகளையும் இறக்கிவிட்டார்கள். முதல் ஆண்டில் உள்ளே வரும் வாகனங்கள் 18 சதவீதம் குறைந்தன; தாமதம் 30 சதவீதம் குறைந்தது. பிறகு சாலை தோண்டும் வேலைகளால் வேகம் மறுபடி சரிந்தது வேறு கதை. ஒரே மனிதர் இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார். பேருந்தை மலிவாக்கியபோது கிடைத்ததைவிட, காருக்கு விலை வைத்தபோது சாலைக்குக் கிடைத்தது அதிகம்.

சிங்கிள் கணக்கு

நெரிசலுக்கும் பேருந்துக்கும் உள்ள உறவில் டிக்கெட் விலையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஊழியர்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதை ‘சிங்கிள்’ என்பார்கள். ஒரு வழித்தடத்தில் ஒரு சிங்கிளுக்கு 60 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர ஷிப்டில், ஓய்வு போக, ஏழு சிங்கிள் அடிக்கலாம். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலை பாதியாகி, ஒரு சிங்கிளுக்கு 90 நிமிடம் ஆகிறது என்றால், ஐந்துகூடச் சந்தேகம். பேருந்து அதே பேருந்துதான், டீசலும் சம்பளமும் அதேதான், ஆனால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு ஏழு வண்டிக்குப் பதில் ஐந்து. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேருந்துகளைச் சத்தமில்லாமல் விற்றுவிட்டதற்குச் சமம் இது. ஆற்காடு சாலை, பழைய மகாபலிபுரம் சாலை, மவுன்ட்-பூந்தமல்லி சாலை என்று 118 கிலோமீட்டருக்கும் மேல் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கும் நகரத்தில் இதுதான் தினசரி நிலைமை.

ஏற்கெனவே வண்டிகள் போதவில்லை. லட்சம் பேருக்கு 60 பேருந்துகள் இருந்தால் நல்ல சேவை என்பது ஒன்றிய அரசின் நகர்ப்புற அமைச்சகம் வைத்திருக்கும் அளவுகோல். ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் சென்னைப் பெருநகரில் மாநகரப் பேருந்துகள் 3,400 அளவில்தான். தேவையில் பாதியை ஒட்டி.

2025-ல் சில நல்ல காரியங்கள் நடந்தன. ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் வந்தன. குளிர்சாதனப் பேருந்து உட்பட எல்லாவற்றிலும் போக 2,000 ரூபாய் மாத பாஸ் வந்தது. சாதாரண 1,000 ரூபாய் பாஸும் இருக்கிறது. நாளுக்கு 33 ரூபாய்க்கு, குளிர்சாதனம் இல்லாத எந்த போர்டு வண்டியிலும் எத்தனைமுறை வேண்டுமானாலும் ஏறலாம் என்பதால், பைக்காரரை இழுக்கும் சக்தி இந்த 1,000 ரூபாய் பாஸுக்குத்தான் அதிகம் என்பது என் எண்ணம். அதைப் பற்றி விளம்பரமே காணோம். செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் தரும் ‘சென்னை ஒன்’ செயலியும் வந்தது. லண்டனில் 1983-ல் நடந்ததற்கு இது ஒரு பாதி வழி. ஒரே செயலியில் டிக்கெட் வாங்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் தனி. பேருந்திலிருந்து மெட்ரோவுக்கு மாறும்போது இரண்டாவது முறை குறைந்தபட்சக் கட்டணம் கொடுக்காமல் இருந்தால்தான் அது ஒரே டிக்கெட்.

என்னைக் கேட்டால், முதலில் போக வேண்டியது சொகுசு போர்டு. குளிர்சாதனம் இல்லாத எல்லாப் பேருந்துக்கும் ஒரே கட்டணம் என்று வைத்து, அதை ஆண்டுதோறும் ஒரு சூத்திரப்படி சில்லறையாக ஏற்றினால், 2018 போன்ற இன்னொரு ஜனவரி வராது. பெண்களுக்கான இலவசமும் எல்லா வண்டிக்கும் தானாகவே விரியும். கழகத்துக்கு வருமானம் கொஞ்சம் குறையும். அதை அரசு ஈடுகட்டத்தான் வேண்டும்.

ஆனால் இது நிறுத்தத்தில் நிற்பவருக்கான நியாயம். சாலைக்கு வேண்டியது பேருந்துக்கென்றே ஒதுக்கிய தடம். சென்னையில் இன்று அப்படிச் சொல்லத்தக்க ஒரு சாலைகூட இல்லை. இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அறுபது பேரை ஏற்றிய ஒரு பேருந்து சாலையில் மூன்று கார் அளவு இடம் பிடிக்கிறது. மூன்று காரில் பெரும்பாலும் நான்கு பேர் இருப்பார்கள். இடம் இருக்கிறது, யாருக்குக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். அதை முடிவுசெய்யப் போக்குவரத்துக் கழகத்துக்கு அதிகாரம் இல்லை. சாலை ஒருபக்கம் மாநகராட்சியுடையது, இன்னொரு பக்கம் நெடுஞ்சாலைத் துறையுடையது. போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது காவல் துறை. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் 2010-ல் சட்டம் போட்டு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உருவாக்கினார்கள். முதல்வரே அதன் தலைவர்.

அந்தக் குழுமம் அண்ணா சாலையில் ஒரு துண்டை, தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை என்று வைத்துக்கொள்வோம், காலை மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் ஒரு தடத்தைக் கூம்பு வைத்துப் பேருந்துக்கு ஒதுக்கி மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். பலன் தெரிய புதிய ஆய்வு எதுவும் வேண்டாம். அந்த வழியாகப் போகும் வண்டிகள் ஷிப்டுக்கு எத்தனை சிங்கிள் அடித்தன என்பது ஒவ்வொரு பணிமனையிலும் தினமும் பதிவாகிறது. முந்தைய மூன்று மாதத்தோடு வைத்துப் பார்த்தால் போதும்.